ஹாலிக் அட்டையின் பின்பக்கம்

நான் ஓய்வு பெற்ற பிறகும் ஏல நிலையத்தின் அட்டைப் பிரிவிலிருந்து இடைக்கிடை தொலைபேசி வரும். இப்போது அங்கே இருப்பவர்கள் பழைய பட அட்டைகளை விரலால் தொடுவதே குறைவு. தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாக அடைத்து வாங்குகிறார்கள். உறையின் மேலே ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் விலை சொல்லிவிடலாம். சென்ற மாதம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அழைத்து, ஊழியர்களுக்காகத் தாங்கள் தயாரிக்கும் சிறு தொகுப்புக்கு என் அனுபவத்தை எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அதிக விலைக்குப் போன அட்டையைப் பற்றி எழுதினால் எல்லோரும் விரும்பிப் படிப்பார்கள் என்றாள். எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. அவர்களுக்குக் கொடுக்காததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு நான் லண்டனுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் தாவரவியல் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். இலைகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயர் எழுதி அடுக்குவது என் வேலை. இங்கே தெற்கு லண்டனில் ஓர் ஏல நிலையத்தில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டு பொதி கட்டினேன். ஒரு நாள் யாரோ இறந்தவரின் வீட்டிலிருந்து எட்டுப் பெட்டி நிறைய சிகரெட் அட்டைகள் வந்தன. ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்துக் கொடுத்த சிறு பட அட்டைகள் அவை. பறவைகள், கப்பல்கள், கால்பந்து வீரர்கள், நடிகைகள். எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்க ஆள் தேவைப்பட்டது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏழு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு பொதி கட்டும் அறைக்கு நான் திரும்பவில்லை.

தொண்ணூறுகளில் அமெரிக்காவிலிருந்து பேஸ்போல் அட்டைகள் வரத் தொடங்கின. சூயிங்கம் பொதியோடு சிறுவர்களுக்குக் கொடுத்தவை. அந்த விளையாட்டின் ஓர் ஆட்டத்தையேனும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும் விவரங்களைப் படித்துப் படித்து நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் பிறந்த ஊரும் உயரமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. ஓர் ஆட்டக்காரர் பெரிய அணிக்கு வந்ததும் அவருக்காக முதன்முதலில் அச்சாகும் அட்டையை ரூக்கி அட்டை என்பார்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். அந்த இளைஞன் பிற்காலத்தில் பெரும் பெயர் எடுத்திருந்தால் அவனுடைய ரூக்கி அட்டை ஒரு வீட்டின் விலைக்குப் போகும். அதே தாளில், அதே நாளில், அவனுக்குப் பக்கத்தில் அச்சான இன்னொருவனின் அட்டை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. அச்சிட்டவர்களுக்கு அப்போது இரண்டு பேரும் ஒன்றுதான்.

தொண்ணூற்றொன்றில் பிரிவின் தலைவராக வந்தவர் மிஸ்டர் கிராட்டன். ஒல்லியான, உயரமான மனிதர். பத்தொன்பது ஆண்டு அவரின் கீழ் வேலை செய்தேன். கடைசி நாள்வரை என்னை மிஸிஸ் நாதன் என்றே அழைத்தார். அறைக்குள் வந்ததும் கை கழுவுவார். ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கதவோரம் ஒரு சிறு மேசை இருந்தது. தேநீர்க் கோப்பை அந்த மேசையைத் தாண்டி வரக்கூடாது. அட்டையைக் கரும்பச்சைத் துணியின் மேல் வைத்து, “என்ன தெரிகிறது?” என்று கேட்பார். தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். முதலில் எந்தத் தொகுதி, எத்தனையாவது எண். பிறகு நான்கு மூலைகள். பிறகு ஓரங்கள். பிறகு முகப்பு. பிறகு பின்பக்கம். கடைசியாக, யாரேனும் ஏதேனும் செய்திருந்தால் அது. இந்த ஒழுங்கை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். ‘அழகான’, ‘அரிய’, ‘அநேகமாக’ என்ற மூன்று சொற்களும் எங்கள் பட்டியலில் வரக்கூடாது. பின்பக்கத்தைப் பார்க்காமல் எந்த அட்டைக்கும் விலை சொல்லக்கூடாது. விற்க வருபவரை முதலில் கதிரையில் இருத்த வேண்டும். இருத்திவிட்டு, அட்டையைப் பார்க்கும் முன்பே, “இதை உங்களுக்கு யார் தந்தார்கள்?” என்று கேட்க வேண்டும்.

ஒரு முறை நான் பெரும் பிழை விட்டேன். நல்ல பெயர் எடுத்த ஆட்டக்காரர் ஒருவரின் ரூக்கி அட்டைக்கு, ‘மூலைகள் கூர்மையானவை’ என்று பட்டியலில் எழுதினேன். உண்மையில் மழுங்கிய ஓரத்தை யாரோ கத்தியால் மெல்லியதாக வெட்டிக் கூர்மையாக்கியிருந்தார்கள். அளவுகோலை வைத்திருந்தால் ஒரு மில்லிமீற்றர் குறைவது தெரிந்திருக்கும். நான் வைக்கவில்லை. ஏலத்தன்று காலை மிஸ்டர் கிராட்டன் அதைக் கண்டுபிடித்தார். மண்டபத்தில் ஆட்கள் நிறைந்திருக்க, அவரே மேடைக்குப் போய், விவரிப்பில் தான் பிழை விட்டுவிட்டதாகச் சொல்லி அந்த அட்டையை விலக்கிக்கொண்டார். ‘நான்’ என்றுதான் சொன்னார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த நாள் என் மேசையில் இருநூறு அட்டைகளும் ஓர் அளவுகோலும் இருந்தன. இருநூறையும் அளந்தேன்.

இனி இரண்டாயிரத்து ஒன்பதுக்கு வருகிறேன். அந்த ஆண்டின் வசந்தத்தில் எங்கள் ஆட்களில் யாருக்கும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வன்னியில் சண்டை கடலோரத்துக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது. என் அக்கா குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து தொலைபேசி வரவில்லை. சனிக்கிழமைகளில் நானும் கணவரும் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டத்துக்குப் போய் நிற்போம். திங்களன்று மேசைக்கு வந்து அட்டைகளின் மூலைகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். அந்த நாட்களில் அந்த வேலை இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது.

சதுக்கத்தில் ஒரு சனிக்கிழமை குணம் என்னைத் தேடி வந்தார். குணம் ஜேர்மனியில் பத்து ஆண்டு இருந்துவிட்டு லண்டனின் கிழக்கே இல்ஃபோர்ட்டுக்கு வந்தவர். வீடு திருத்தும் வேலை செய்பவர். எங்கள் குசினியை அவர்தான் திருத்தித் தந்தார். அவருடைய தம்பி ஒருவரும் வன்னியில் இருந்தார்.

“அக்கா, எங்கடை தெருவிலை ஒரு வெள்ளைக்கார மனுசி இருக்கிறா. நான்தான் அவவின்ரை கூரை வேலை செய்யிறன். சுவரிலை ஒரு சின்னப் படம் கொழுவியிருக்கு. நீங்கள் பார்க்கிற மாதிரி ஒரு அட்டை. நல்ல விலைக்குப் போகுமெண்டு யாரோ சொல்லியிருக்கினம். ஒருக்காப் பார்ப்பியளோ?”

கொண்டுவரச் சொன்னேன். அடுத்த புதன்கிழமை அவரே தன் வான் வண்டியில் அந்தப் பெண்மணியைக் கூட்டி வந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போனார்.

அந்தப் பெண்ணின் பெயர் டோரீன். அறுபத்து நான்கு வயது. பாடசாலை உணவுக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கைப்பைக்குள் ஒரு துவாயில் சுற்றி, உள்ளங்கையளவு கண்ணாடிச் சட்டகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அட்டையின் முகப்பில், தொப்பி அணிந்து பந்தை எறியப் போகும் ஓர் இளைஞன். கீழே பெயர்: வெர்ன் ஹாலிக்.

மிஸ்டர் கிராட்டன் அவரைக் கதிரையில் இருத்தினார். யார் தந்தது என்று கேட்டார்.

“என் அம்மா. இவர் என் அப்பா,” என்றார் டோரீன்.

அவருடைய தாயின் பெயர் ஐவி. போர்க்காலத்தில் அமெரிக்கப் படைமுகாம் ஒன்றுக்குப் பக்கத்தில் தேநீர்ச்சாலையில் வேலை செய்தவர். நாற்பத்து நான்காம் ஆண்டுக் கோடையில் இந்த இளைஞன் பிரான்சுக்குக் கப்பலேறினான். போகிற அன்று இந்த அட்டையை ஐவியின் கையில் கொடுத்தானாம். அப்போது தான் கருவுற்றிருப்பது ஐவிக்கே தெரியாது. அவனுக்கும் தெரியாது. பிரான்சில் இறந்துபோனான். டோரீனுக்குத் தாய் சொன்னது இவ்வளவுதான். டோரீன் சிறுமியாக இருந்தபோதே ஐவி அட்டையைச் சட்டகத்தில் போட்டுப் பிள்ளையின் கட்டிலுக்கு மேலே கொழுவினார். அன்று முதல் அது சுவரிலேயே இருந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஐவி இறந்துபோனார். கடைசிப் பதினொரு ஆண்டும் டோரீன்தான் வீட்டில் வைத்துப் பார்த்தவர்.

“விற்க மனமில்லை. ஆனால் மழை உள்ளே வருகிறது,” என்றார்.

அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் தாள் தட்டுப்பாடு. அப்போது இப்படியான அட்டைகளை யாரும் அச்சிடவில்லை. இந்த அளவும், இந்த வர்ணமும், பெயரைப் போட்டிருக்கும் விதமும் ஐம்பதாம் ஆண்டுத் தொகுதிக்கு உரியவை. நாற்பத்து நான்கில் யாரும் யாருக்கும் இதைக் கொடுத்திருக்க முடியாது. மிஸ்டர் கிராட்டனைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பின்பக்கத்தைப் பார்க்காமல் விலை சொல்வதில்லை என்றும், சட்டகத்திலிருந்து கழற்ற அனுமதி வேண்டும் என்றும் டோரீனிடம் சொன்னார். டோரீன் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னோம்.

அன்றே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பது முறைதான். ஆனால் நான் அந்த முறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதும் உண்மை.

கண்ணாடியை எடுத்தபோது, அட்டை ஒரு தடித்த மட்டையில் முழுதாக ஒட்டப்பட்டிருப்பது தெரிந்தது. பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய மட்டை. இப்படியானதை அட்டையின் பக்கமிருந்து பிரிக்கக்கூடாது. முகத்தைக் கீழே கவிழ்த்து, மட்டையைப் பின்னாலிருந்து ஒரு படை, ஒரு படையாக மெல்லிய கத்தியால் உரித்துக்கொண்டு போகவேண்டும். அட்டையை வளைக்கக் கூடாது. உரிப்பதை வளைக்க வேண்டும். இரண்டு நாள் எடுத்தது. கடைசியில் புகைபோல மெல்லிய ஒரு படை மிஞ்சியது. அதை ஈர ஒற்றுத்தாளால் தொட்டுப் பார்த்தேன். பசை இளகியது. கோதுமை மாவைக் காய்ச்சிய வெறும் வீட்டுப் பசை. கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் காட்டி, பஞ்சால் உருட்டி எடுத்தேன்.

முதலில் அச்செழுத்துத் தெரிந்தது. ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். ஆறடி ஓரங்குலம். போர்க்காலத்தில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் படையில் இருந்தார். திரும்பி வந்து சிறிய அணிகளில் ஆடினார். இந்த ஆண்டு பெரிய அணிக்கு வருகிறார்.

பிறகு அச்சுக்குக் குறுக்கே பென்சில் எழுத்து வந்தது. மையாக இருந்தால் ஈரத்தில் கரைந்திருக்கும். பென்சில் கரையாது. மூன்று வரி இருந்தது.

‘டோரீனுக்கு. எழுதப் பழகியதும் எனக்கு எழுது. உன் அப்பா.’

அதற்குக் கீழே ஒரு முகவரி.

நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். கழுவத் தேவை இருக்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். ஐம்பதாம் ஆண்டில் அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது. பிள்ளையின் பெயரைத் தாயே ஒரு காலத்தில் அவனுக்கு எழுதியிருக்க வேண்டும். அட்டை கடல் கடந்து வந்திருக்கிறது. தாய் பிரித்துப் படித்திருக்கிறாள். மாவைக் காய்ச்சி, எழுத்தின் மேலேயே பூசி, முகத்தை மட்டும் பிள்ளைக்குக் காட்டியிருக்கிறாள்.

மிஸ்டர் கிராட்டன் வந்து பார்த்தார். லென்ஸைக் கண்ணில் வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார். அதன் பிறகு, ஆட்டக்காரர்களின் விவரம் அடங்கிய தடித்த புத்தகத்தை எடுத்து வந்து திறந்து என் முன்னால் வைத்தார். வெர்ன் ஹாலிக் இரண்டு பருவம் மட்டும் பெரிய அணியில் ஆடியவர். தோளில் காயம். பிரான்சில் இறக்கவில்லை. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து, எண்பத்தோராம் ஆண்டில் இறந்திருக்கிறார். அந்த ஆண்டில் டோரீனுக்கு முப்பத்தாறு வயது.

அட்டைக்குப் பெரிய விலை இல்லை என்பதும் அதோடு தெளிவாகிவிட்டது. பெயர் எடுக்காத ஆட்டக்காரர். போதாததற்குப் பின்பக்கத்தில் எழுத்து.

நான் மனதில் இருந்ததைச் சொன்னேன். அதே மட்டையில், அதே மாவுப் பசையில் என்னால் திருப்பி ஒட்ட முடியும். யாருக்கும் வேறுபாடு தெரியாது. பெரிய விலை போகாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடலாம். இறந்த தாயை இந்த வயதில் அவரிடமிருந்து எதற்காகப் பறிக்க வேண்டும்?

அவர் கோபிக்கவில்லை. புத்தகத்தை மூடினார்.

“அட்டை அவருடையது, மிஸிஸ் நாதன். பின்பக்கமும் அவருடையதுதான்,” என்றார்.

சிறிது நேரம் கழித்து, நான் விரும்பினால் தானே டோரீனிடம் சொல்வதாகவும் சொன்னார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். உரித்தவள் நான்.

இடையில் ஒரு நாள் குணம் தொலைபேசியில் வந்தார். விலை என்ன என்று கேட்டார்.

“அவவுக்குச் சொல்லாமல் உங்களுக்குச் சொல்லேலாது, குணம்.”

“நான் என்ன பிறத்தியானோ அக்கா? அந்த மனுசி பாவம். தாய், தாய் எண்டுதான் எந்த நேரமும் கதைக்கும். ஏதேன் நல்ல சேதியெண்டால் கெதியாச் சொல்லுங்கோ.”

பிறகு என் அக்காவைப் பற்றி ஏதும் தெரியுமா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அவருக்கும் தம்பியைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

டோரீன் வந்த அன்று மழை. மிஸ்டர் கிராட்டன் அவருடைய மேலங்கியை வாங்கித் தொங்கவிட்டார். கதவோர மேசையில் இருந்த தேநீரைத் தன் கையாலேயே எடுத்து வந்து டோரீனின் முன்னால், அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பத்தொன்பது ஆண்டில் அவர் அப்படிச் செய்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான். பிறகு யன்னலோரம் போய் நின்றார்.

நான் ஒழுங்குப்படியே சொன்னேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எந்தத் தொகுதி, எத்தனையாவது எண் என்று சொன்னேன். இது ஐம்பதாம் ஆண்டில் அச்சானது என்றேன். அவர் என்னைத் திருத்தினார்.

“நாற்பத்து நான்கு. அம்மா அப்படித்தான் சொன்னார்.”

“இது ஐம்பதில் அச்சானது, டோரீன். அதற்கு முன் இந்த அட்டை உலகத்தில் இல்லை.”

மூலைகள், ஓரங்கள், முகப்பு. என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது என்று சொல்லி, அட்டையைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்று வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மழை ஒரு முறை ஓய்ந்து மீண்டும் தொடங்கியது. அவர் தலையை உயர்த்தவில்லை.

“அம்மா இதைப் பார்க்காமல் ஒட்டியிருக்க முடியுமா?” என்று கேட்டார்.

யாரோ ஒட்டிக் கொடுத்திருக்கலாம், தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு கணம் இருந்தது.

“பசை முழுப் பின்பக்கத்துக்கும் தூரிகையால் பூசப்பட்டிருந்தது. எழுத்தின் மேலேயும்,” என்றேன்.

“அப்படியானால் பார்த்திருக்கிறார்.”

“ஆம்.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்.

“பதினொரு வருடம் நான் பார்த்தேன். கடைசி வாரம்வரை அம்மாவால் பேச முடிந்தது,” என்றார்.

அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று பிறகு கேட்டார். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். எண்பத்தொன்று என்றதும் விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டார். பாதியிலேயே விட்டுவிட்டார். விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அட்டையைத் தாருங்கள் என்றார். தடித்த தாள் உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். போகும்போது என்னைப் பார்த்து, திருப்பி ஒட்டிக் கொடுத்திருக்கலாமே என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒட்டத்தான் நினைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு மே மாதம் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. என் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் முகாமில் இருப்பதாக ஆடி மாதம் தகவல் கிடைத்தது. அத்தான் அவர்களோடு இல்லை.

அந்த மாதங்களில் டோரீனை நான் அடிக்கடி நினைத்தேன். நினைக்கும்போதெல்லாம் ஐவியும் கூடவே வந்தாள். ஐம்பதில் அவளுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். தெருவுக்கெல்லாம் தன்னை விதவை என்று சொல்லி வைத்திருப்பாள். புருஷன் பிரான்சில் இறந்தான் என்று. செத்தவன் கடிதம் எழுதினால் அந்தத் தெரு பிள்ளையை என்ன பெயர் சொல்லி அழைக்கும்? தெருவின் வாயைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் பின்னால் வந்த ஐம்பத்தெட்டு ஆண்டில் ஒரு நாள்கூட அவளுக்கு வாய்க்கவில்லையா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஐப்பசி மாதம் டோரீன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஒன்று திறந்து தர வேண்டும் என்றார். குணமே மறுபடியும் கூட்டி வந்தார். கூரை வேலை முடிந்துவிட்டது. பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தெருவில் வானை நிறுத்திவிட்டு அவர் அதற்குள்ளேயே இருந்தார்.

டோரீன் அந்த முகவரிக்கு எழுதியிருந்தார். இறந்தவருக்கென்று தெரிந்தே அவருடைய பெயரைப் போட்டு எழுதியதாகச் சொன்னார். எழுதச் சொன்னவர் அவர்தானே என்றார். பதில் ஹாலிக்கின் மனைவியிடமிருந்து வந்தது. எண்பத்து மூன்று வயது, இன்னும் அதே வீட்டில். திருமணத்துக்கு முன்பே டோரீனைப் பற்றி ஹாலிக் தன்னிடம் சொல்லிவிட்டதாகவும், தங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்றும் அந்த மனைவி எழுதியிருந்தார். அட்டை அனுப்பியதற்கு அடுத்த ஆண்டு ஹாலிக் டோரீனுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அது திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கடிதம் மனைவியின் பதிலோடு இருந்தது. ஒட்டியபடியே. உறையின் மேல் முகவரியைக் கோடிட்டு வெட்டி, ‘இங்கே இல்லை’ என்று ஒரு பெண்ணின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அது தன் தாயின் கையெழுத்து என்று டோரீன் சொன்னார். கடைச் சாமான் பட்டியல் எழுதுவதுபோல நிதானமான எழுத்து.

திரும்பி வந்த பிறகு ஹாலிக் அதைத் திறக்கவே இல்லையாம். அது டோரீனின் கடிதம் என்று சொன்னாராம்.

“கிழிக்க எனக்குக் கை வரவில்லை. கிழியாமல் திறக்க முடியுமா?” என்று டோரீன் கேட்டார்.

முடியும் என்றேன். உள்ளே மையால் எழுதியிருக்கலாம், ஆகவே நீராவி கூடாது. ஒற்றுத்தாளை நனைத்து, பிழிந்து, மிக ஒடுக்கமான ஒரு துண்டு வெட்டி மடிப்பின் பசை மேல் மட்டும் வைத்தேன். ஐந்து நிமிடம். பிறகு எலும்பால் செய்த தட்டையான கத்தியை ஓரத்தில் நுழைத்தேன். மடிப்பு எழுந்தது. மிஸ்டர் கிராட்டன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது எழுந்ததும் அவர் அறையை விட்டு வெளியே போனார். நானும் உறையை டோரீனின் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றேன்.

இரண்டு தாள். அவர் ஒரு முறை படித்தார். மீண்டும் படித்தார். அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மேலுதட்டுவரை வந்திருந்தது.

“முழுக்க ஒரு நாயைப் பற்றி,” என்றார். “நாய் ஒன்று வாங்கியிருக்கிறார். ஆற்றுக்குள் குதித்துக் குதித்து ஓடுகிறதாம். சொன்ன பேச்சுக் கேட்காதாம். இரண்டு தாளும் அதுதான்.”

முகம் கழுவ வேண்டும், ஐந்து நிமிடம் ஆகும் என்றார். குணத்திடம் சொல்லுங்கள் என்றார். அவர் கேட்பார், எல்லாவற்றையும் சொல்லலாம் என்றார்.

நான் தெருவுக்கு இறங்கிப் போனேன். குணம் வானின் யன்னலை இறக்கினார். அவருடைய தம்பியைப் பற்றி அன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பிறகும் வரவில்லை.

“என்னவாம் அக்கா? தகப்பன் என்ன எழுதியிருக்கிறாராம்?”

“ஒரு நாயைப் பற்றி எழுதியிருக்கிறார்.”

“நாயைப் பற்றியோ?”

“ஓம். வீட்டிலை ஒரு நாய் வாங்கினதாம். அதைப் பற்றி.”

அவர் ஸ்ரியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். பிறகு பக்கத்து இருக்கையில் கிடந்த சாமான்களை எடுத்துப் பின்னால் போட்டார். டோரீன் இருக்கப்போகும் இருக்கையைக் கையால் தட்டித் துடைத்தார்.